பட்டியில் ஹலீம், வீட்டில் புளியங்கொழுந்து

ஹைதராபாத் போய்வந்தவரிடம் தமிழ்நாட்டில் முதலில் கேட்பது "பிரியாணி எங்கே சாப்பிட்டீங்க?" என்பதுதான். சார்மினார், கோல்கொண்டா எல்லாம் அப்புறம். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் நாலைந்து ஓட்டல் பெயர்கள் தெரியும். அவற்றில் ஒன்றைச் சொன்னதும், "அங்கே முன்ன மாதிரி இல்லையாமே" என்று ஒரு பெருமூச்சு வரும். பேச்சு முடிந்தது.

அந்த ஊரிலேயே குடியிருப்பவர்களின் சாப்பாட்டுப் பேச்சு இப்படி நடப்பதில்லை. செகந்திராபாதுக்கு வடக்கே, கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருக்கும் திருமுல்கேரியை எடுத்துக்கொள்ளலாம். லால் பஜார் கடைகள், ராணுவ மருத்துவமனை, கோட்டை மாதிரி எழுப்பிய வெள்ளைக்காரன் காலத்துச் சிறை, நடுவே அடுக்குமாடிக் குடியிருப்புகள். இங்குள்ள சாப்பாட்டு ரசிகர்கள் போடும் கணக்கு வேறு: எதற்காக வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம், எதை வெளியே தொடவே கூடாது? இது தெரிந்தவர் சுமாரான வருமானத்திலும் இந்த ஊரில் ராஜபோகமாகச் சாப்பிடுவார். தெரியாதவர் பெரிய ஓட்டலில் பில் கட்டிவிட்டு, "அப்படி ஒன்னும் பிரமாதமில்லை" என்று ஊர் திரும்புவார்.

வெளியே போய்த்தான் ஆக வேண்டும் என்கிற பட்டியலில் முதலில் நிற்பது ஈரானி சாயா. இதை வீட்டில் போட முயலாத ஹைதராபாத்காரர் இருக்க மாட்டார். சரியாக வந்ததாகச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். சூட்சுமம் தேயிலையில் இல்லை, அளவில் இருக்கிறது. ஒரு பாத்திரத்தில் டிகாக்‌ஷன் மூடியபடி மெல்லிய சூட்டில் கிடக்கும். இன்னொன்றில் பால் மணிக்கணக்காகச் சுண்டி, லேசாக மஞ்சளோடி, பால்கோவாவுக்கு நாலைந்து படி முன்னால் வந்து நிற்கும். கோப்பையில்தான் இரண்டும் சந்திக்கும். பத்து லிட்டர் பாலைச் சுண்டவிட்டு, அது தீரத் தீர ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பதம் கிடைக்கும். வீட்டில் அரை லிட்டரை அப்படிச் சுண்டவிட்டால் அடிபிடித்த வாசனைதான் மிச்சம். பால் தூக்கலாக வேண்டும் என்றால் 'பவ்னா' என்று கேட்க வேண்டும். இருவர் போய் ஒன்றை வாங்கி 'ஒன் பை டூ' என்று பிரித்துக்கொண்டால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஈரானின் யஸ்த் முதலான பகுதிகளிலிருந்து வந்தவர்கள் பம்பாய், புனே வழியாக நிஜாமின் ஊருக்கு வந்து தெருமுனைகளில் கடை போட்ட கதை பலமுறை எழுதப்பட்டதுதான். செகந்திராபாதில் அதன் மிச்சங்களைக் காண அலைய வேண்டாம். ரயில் நிலையத்துக்கு எதிரே ஆல்ஃபா, மணிக்கூண்டுப் பக்கம் கார்டன். சார்மினார் எக்ஸ்பிரஸில் இரவு முழுக்க வந்து காலையில் இறங்கும் சென்னைக்காரருக்கு ஆல்ஃபா நடை தூரம். அங்கே சாயாவோடு உஸ்மானியா பிஸ்கட் வாங்க வேண்டும். இனிப்பும் உப்பும் ஒன்றையொன்று மிஞ்சாத வெண்ணெய் பிஸ்கட். உஸ்மானியா மருத்துவமனை நோயாளிகளுக்காக முதலில் செய்யப்பட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, சாயாவில் தோய்த்து எடுக்கும்போது உடைந்து விழுவதற்கு முந்தைய நொடியில் வாயில் போடத் தெரிய வேண்டும். உள்ளூர்க்காரர்களுக்கு அது கைப்பழக்கம்.

பழைய நகரத்தின் பக்கம் போனால் சார்மினாரை ஒட்டி நிம்ரா, ரெட் ஹில்ஸில் நிலோஃபர். இரண்டிலும் கூட்டம் எப்போதும் உண்டு. கூட்டம்தான் அவற்றின் பலமும். பால் நின்று ஆறுவதற்கு நேரமே இருப்பதில்லை.

இரண்டாவது ஹலீம். ரம்ஜான் மாதத்தில் ஹைதராபாத் தெருக்களில் செங்கல்லும் மண்ணும் வைத்து எழுப்பும் அடுப்புகளை 'பட்டி' என்பார்கள். அதில் பதித்த பெரிய பாத்திரத்தில் உடைத்த கோதுமையும் ஆட்டிறைச்சியும் கொஞ்சம் பருப்பும் நெய்யும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் வேகும். வெந்த பிறகுதான் உண்மையான வேலை. ஆளுயர மரமத்துகளை இருவர் எதிரெதிரே நின்று இறக்கி இறக்கி, கறி எது, கோதுமை எது என்று பிரிக்க முடியாத வரை மசிப்பார்கள். மேலே வறுத்த வெங்காயம், புதினா, முந்திரி, ஒரு துண்டு எலுமிச்சை. குக்கரில் ஆறு விசில் விட்டு மிக்ஸியில் ஓட்டினால் வருவது கறிக் கஞ்சி. அதற்கும் ருசி உண்டு, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கோதுமையின் பசையும் இறைச்சியின் நாரும் சேர்ந்து இழுபடும் அந்தப் பதம், தோள்வலிமை உள்ள இரண்டு பேர் இல்லாமல் வராது.

நிஜாம் படையில் சேர வந்த அரபு வீரர்களோடு வந்த உணவு இது. அவர்களின் வாரிசுகள் இன்றும் பார்க்கஸ் பகுதியில் வாழ்கிறார்கள். அங்கே ஹலீமுக்கு மூத்தவளான ஹரீஸும் கிடைக்கும். ஏழாவது நிஜாமின் அரசவையில் இருந்த சுல்தான் சைஃப் நவாஸ் ஜங் விருந்துகளில் பரிமாறி இதைப் பிரபலமாக்கினார் என்பார்கள். மதீனா ஓட்டல் 1956இல் விற்கத் தொடங்கியது என்பதும் ஊர் நினைவில் நிற்கும் செய்தி. 2010இல் ஹைதராபாத் ஹலீமுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தியாவில் இறைச்சி உணவு ஒன்றுக்கு அந்தக் குறியீடு கிடைத்தது அதுதான் முதல் முறை. உலகமே ஹைதராபாதோடு சேர்த்து உச்சரிக்கும் பிரியாணியை இந்த விஷயத்தில் ஹலீம் முந்திக்கொண்டது.

இப்போது சில கடைகளில் வருஷம் முழுக்க ஹலீம் கிடைக்கிறது. கிடைக்கட்டும். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் நோன்பு மாதத்தின் மாலைக்காகக் காத்திருப்பதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. அந்த ஒரு மாதம் பட்டி அணையாது, பாத்திரம் காலியாவதற்குள் அடுத்தது தயாராகும். ஆயிரம் பேர் சாப்பிடுகிற நாளில்தான் ஹலீம் ஹலீமாக இருக்கும்.

பிரியாணியில்தான் கணக்கு குழம்புகிறது. அது வெளியே சாப்பிட வேண்டியதா, வீட்டிலா? பதில் ஹைதராபாதிலேயே ஒன்றாக இல்லை. ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த கச்சி பிரியாணியில், பப்பாளிக்காயும் தயிரும் மசாலாவும் பிசறி ஊறவைத்த பச்சை இறைச்சி அடியில் போகும். அரைவேக்காட்டு பாஸ்மதி மேலே. மூடியின் ஓரத்தை மாவால் அடைத்து, கீழே நெருப்பு, மேலே தணல். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் திறந்து பார்க்க முடியாது. அரிசி குழையும் முன் கறி வெந்தாக வேண்டும், கறி வேகும் வரை அரிசி உதிராகவே நிற்க வேண்டும். கல்யாண வீட்டுச் சமையல்காரர்கள் இதைக் காதால் கேட்டும் மூக்கால் முகர்ந்தும் முடிவு செய்வார்கள். வீட்டில் இதைத் துணிந்து செய்கிறவர்களைக் கும்பிடலாம். பல வீடுகளில் கறியை முன்பே வேகவைத்துக்கொள்ளும் 'பக்கி' முறைதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓட்டல் பிரியாணியில் பெரிய பெயரான பாரடைஸ், செகந்திராபாதில் ஒரு சினிமா தியேட்டரை ஒட்டித் தொடங்கியது வேடிக்கைதான். பாரடைஸ் டாக்கீஸ் பக்கத்தில் 1953இல் ஈரானிகள் சாயாவும் சமோசாவும் விற்கத் திறந்த சின்னக் கடை அது. தியேட்டர் போய்விட்டது, பெயர் மட்டும் ஓட்டலுக்கும் நாற்சந்திக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் அதே பெயர். 2017இல் மட்டும் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரியாணி பரிமாறியதாக லிம்கா சாதனைப் புத்தகத்தில் அந்த நிறுவனம் இடம்பெற்றது. அத்தனை லட்சம் தட்டுகளிலும் ஒரே ருசியை எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவே கடையைவிட நேரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். மத்தியானம் அண்டாவின் மூடி திறந்து சிறிது நேரத்துக்குள் போனால், ஆர்டிசி கிராஸ் ரோட்டு பவர்ச்சியோ ஹைதர்குடா கஃபே பஹாரோ உயர்நீதிமன்றப் பக்கத்து ஷாதாபோ, பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. மாலை நாலரைக்குப் போனால் அண்டாவின் அடியில் எஞ்சியதும் ஆறிப்போன சால்னாவும்தான் வரும். பிறகு ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கூட வரும் மிர்ச்சி கா சாலன் பற்றி ஒரு வார்த்தை. வேர்க்கடலை, எள், தேங்காய் வறுத்து அரைத்து, புளி கரைத்துவிட்டு, நீளப் பச்சை மிளகாயை வேகவைத்த குழம்பு அது. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் புளிப்புக் கத்தரிக்காயை நினைத்துப் பாருங்கள். ஆம்பூர்ப் பக்கத்தை ஆண்ட ஆர்க்காட்டு நவாபுகள் ஒரு காலத்தில் ஹைதராபாத் நிஜாமுக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தவர்கள். இரண்டு குழம்பும் ஒரே குடும்பம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் தேட வேண்டும். நாக்குக்கு அந்தச் சந்தேகம் வருவதில்லை.

தமிழர்கள் இந்த ஊரில் அதிகம் ஏமாறுவது டிபனில். இட்லியை வாயில் வைத்ததும் "என்ன இது, நறநறன்னு இருக்கு?" என்பார்கள். காரணம் எளிது. இங்கே அரிசியை உளுந்தோடு சேர்த்து ஊறப்போட்டு அரைப்பதில்லை. உளுந்தை மட்டும் அரைத்து, கடையில் வாங்கிய இட்லி ரவையைக் கழுவிப் பிழிந்து கலப்பார்கள். அதனால் பஞ்சு மாதிரி வராது, கொஞ்சம் கரகரப்பாகவே இருக்கும். சாம்பாரை அளவுகோலாக வைத்தாலும் தோல்விதான். பல கடைகளில் அது பெயருக்கு ஒரு கிண்ணம். இங்கே ராணி வேர்க்கடலைச் சட்னி, தளபதி இஞ்சிச் சட்னி. நெய்யும் காரப்பொடியும் தூவிய இட்லியையும், உப்புமா உள்ளே வைத்த பெசரட்டையும் அவற்றோடு சாப்பிட்டால் சாம்பார் ஞாபகமே வராது. நாம்பள்ளியில் விடியற்காலை மூன்று மணிக்கே கல் சூடேறும் ராம் கி பண்டியில் வெண்ணெய் மிதக்கும் தோசைக்காக நிற்கிற கூட்டத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்த ஐ.டி. பிள்ளைகளும் இருப்பார்கள், சினிமாக்காரர்களும் இருப்பார்கள். அந்தத் தோசையை மாயவரத்துத் தோசையோடு ஒப்பிடுவது இரண்டுக்கும் அநியாயம்.

சாம்பார் வேண்டுமா? வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இங்கே தமிழ் வீடுகளுக்குப் பஞ்சமில்லை.

அதற்குக் காரணம் பழையது. 1798இல் நிஜாம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே படைமுகாம் வந்தது. 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அது செகந்திராபாத் ஆனது. 1857 கலகத்துக்குப் பிறகு திருமுல்கேரியில் அகழி வெட்டிக் காவலரணும் கட்டினார்கள். படை, மதராஸ் படை. அதோடு ஒப்பந்தக்காரர்கள், குமாஸ்தாக்கள், சமையல்காரர்கள் என்று தமிழ் பேசுகிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். பத்மாராவ் நகர் ஒரு முதலியாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அங்குள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகைக்குக் கூடும் கூட்டத்தில் தமிழ் கணீரென்று கேட்கும். மாரேட்பள்ளியில் வெந்தயக் குழம்பு வாசனை வராத தெரு குறைவு.

ஆனால் இருநூறு வருஷமாக இங்கே இருக்கிற குடும்பங்களின் சமையலறையில் நடந்திருப்பது சுவாரசியமான கலப்பு. மோண்டா மார்க்கெட்டிலும் போயின்பள்ளி மொத்தச் சந்தையிலும் என்ன கிடைக்கிறதோ அதுதானே அடுப்பில் ஏறும்? கோடை தொடங்கும்போது மோண்டாவில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் குவியும் புளியங்கொழுந்தைப் பார்த்தால் விலை கேட்காமல் வாங்கிவிட வேண்டும். தெலுங்கு வீடுகளில் அது சிந்தச் சிகுரு. பருப்போடு சேரும், கறியோடும் சேரும். ஹைதராபாத் முஸ்லிம் வீடுகளில் அதுவே சிகுர் கோஷ்த். கொழுந்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, காம்பும் நரம்பும் நீக்கி, வெந்த ஆட்டுக்கறியில் கடைசியில் போட வேண்டும். புளிக்கரைசலின் அதட்டல் இல்லாத, மெல்லிய, பச்சை வாசனை கலந்த புளிப்பு அது. இதை ஓட்டல்களில் தேடினால் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் நம்பகமில்லை. கூடை கூடையாகக் கொழுந்தைக் கசக்கிச் சுத்தம் செய்ய எந்த ஓட்டல்காரருக்குப் பொறுமை இருக்கும்? நாலு பேர் வீட்டுக்கு இரண்டு கைப்பிடி, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே கசக்கிவிடலாம்.

உள்ளே இருக்க வேண்டியவற்றின் பட்டியல் இப்படித்தான் நீள்கிறது: சின்ன அளவில், கைப்பக்குவத்தில், அன்றன்றைக்கு. ஹைதராபாத் முஸ்லிம் வீடுகளின் காலைச் சாப்பாடான கிச்சடி, கீமா, கட்டா மூன்றையும் பாருங்கள். மைசூர்ப் பருப்பும் அரிசியும் சேர்ந்த மஞ்சள் கிச்சடி, வறண்ட கொத்துக்கறி, பக்கத்தில் கட்டா. எள்ளை வறுத்து அரைத்துப் புளித்தண்ணீரில் கரைத்து, பச்சை வெங்காயம் போட்டால் கட்டா தயார், அடுப்பில் ஏற்றவே கூடாது. இப்போது தெலங்கானா தெலுங்கு வீட்டின் பச்சிப் புலுசை எடுங்கள். புளித்தண்ணீர், நறுக்கிய வெங்காயம், சுட்ட மிளகாய், பல வீடுகளில் எள்ளுப்பொடி, இதுவும் கொதிக்காது. ஒருவர் கிச்சடிக்கு ஊற்றுகிறார், இன்னொருவர் சோற்றுக்கு. நம் ரசத்தைக் கொதிக்கவிடாமல் நிறுத்திய மாதிரி இருக்கும் இதைத் தமிழ் வீட்டுப் பெண்கள் கோடை மத்தியானங்களுக்கு எடுத்துக்கொண்டது ஆச்சரியமில்லை. அரண்மனைச் சமையல் என்று தங்கத் தட்டில் வைத்துப் பேசப்படும் ஹைதராபாதின் அடியில் ஓடுவது தக்காணத்துப் புளிதான். பஹாரே பைங்கனில் அதுதான், கட்டி தாலில் அதுதான், புளிச்சகீரை போட்ட அம்பாடா கோஷ்தில் கீரையே புளி.

ஹைதராபாதை யுனெஸ்கோ 2019 அக்டோபர் 31 அன்று உணவுக்கலைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தது. இந்தியாவிலிருந்து அந்தப் பிரிவில் இடம்பெற்ற முதல் நகரம் இதுதான். விளம்பரப் பலகைகளில் பிரியாணியும் ஹலீமும் சிரித்தன. பச்சிப் புலுசுக்குப் படம் போட முடியாது. கிண்ணத்தில் பழுப்பாகத் தண்ணீர் மாதிரி இருக்கும் அதை யார் படம் எடுப்பார்கள்?

உள்ளே, வெளியே என்ற கோடு அழியாத கோடு ஒன்றுமில்லை. தெலங்கானாவின் சோள ரொட்டி நேற்றுவரை வீட்டுச் சமாசாரம். கையாலேயே தட்டி, தண்ணீர் தடவி, இரும்புச் சட்டியில் சுட்டெடுப்பது. இன்று மாலை ஆறு மணிக்கு ஹைதராபாதின் எந்தச் சாலையோரத்திலும் பெண்கள் அடுப்பு மூட்டி உட்கார்ந்து தட்டுகிறார்கள், அலுவலகம் விட்டு வருகிறவர்கள் எண்ணி வாங்கிக்கொண்டு போகிறார்கள். சர்க்கரை நோய் ஒரு காரணம், சோள மாவை உடையாமல் வட்டமாகத் தட்டத் தெரிந்த கைகள் வீட்டில் குறைந்துவிட்டது இன்னொரு காரணம். குழம்பு வீட்டில், ரொட்டி தெருவில். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுடச்சுட வாங்கித் துணியில் சுற்றிப் பத்து நிமிஷத்தில் வீடு சேர்கிற தூரம் என்றால் சரி. ஆறினால் அப்பளம் மாதிரி விறைத்துவிடும். ஓட்டல் சாப்பாட்டைச் செயலியில் வரவழைப்பதற்கும் இதே விதியைப் பொருத்தலாம். பிரியாணி பயணம் தாங்கும், சாலனும் தாங்கும். தோசை தாங்காது. ஈரானி சாயாவை பிளாஸ்டிக் பையில் கட்டி வரவழைப்பவர்களைப் பற்றி இங்கே எதுவும் சொல்லாமல் விடுவது மரியாதை.

வீட்டுக்கும் தெருவுக்கும் இடையே வேலையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்ட உணவு ஒன்று உண்டென்றால் அது ஆவக்காய். கோடையில் மார்க்கெட்டுகளில் மாங்காய் வெட்டுவதற்கென்றே ஆட்கள் கத்தியும் கட்டையுமாக உட்கார்ந்துவிடுவார்கள். கொட்டை ஓட்டோடு சேர்த்து வெட்ட வேண்டும், ஒவ்வொரு துண்டிலும் ஓட்டின் ஒரு பங்கு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வருஷம் முடிவதற்குள் துண்டு கூழாகிவிடும். வீட்டு அரிவாள்மனையில் இது நடக்காது. கூடையோடு போய், நாரில்லாத புளிப்புக் காயாகப் பார்த்துப் பொறுக்கி, அங்கேயே வெட்டக் கொடுத்து நின்று வாங்கி வருவார்கள்.

மீதி வேலை வீட்டில். துண்டுகளைத் துணியால் ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைப்பது, உள்ளே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரிப்பது, கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு அளந்து நல்லெண்ணெயில் பிசறி ஜாடியில் அடைப்பது. மூன்றாம் நாள் திறந்து கிளறி உப்பு பார்ப்பார்கள், எண்ணெய் மேலே நிற்கவில்லை என்றால் இன்னும் ஊற்றுவார்கள். திருமுல்கேரித் தமிழ் வீடுகளில் இதில் இரண்டு ஜாடி போடுவார்கள். ஒன்று வீட்டுக்கு. மற்றது சென்னைக்கும் திருச்சிக்கும் போகும் உறவினர்களுக்காக. ரயிலில் கசிந்து மானத்தை வாங்காமல் இருக்க அதில் மட்டும் எண்ணெய் கொஞ்சம் குறைவாக.